கேப்டனின் வாக்கும் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பும்: டேனியல் பேர்ல் கடத்தல் வழக்கு

2002இல் கராச்சியில் கடத்திக் கொல்லப்பட்ட அமெரிக்க நிருபர் டேனியல் பேர்லின் கதையைச் சொல்லும் 'எ மைட்டி ஹார்ட்' படத்தை நம் ஊரில் பலர் இர்ஃபான் கானுக்காகப் பார்த்திருப்பார்கள். கராச்சியின் பயங்கரவாதத் தடுப்பு அதிகாரியாக வருகிறார். படம் முழுக்க அவருக்குப் பெயர் 'கேப்டன்'தான். குரலை உயர்த்தாமல் பேசும், தூக்கமில்லாத கண்களுள்ள மனிதர். கணவனைத் தொலைத்துவிட்டுக் கர்ப்பிணியாக நிற்கும் பேர்லின் மனைவி மரியானிடம், அவரை மீட்டு வருவதாக வாக்குக் கொடுக்கிறார். அந்த வாக்கை அவரால் காப்பாற்ற முடியவில்லை என்பது கதை தெரிந்த எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். இருந்தும் படத்தில் நாம் நம்பிப் பிடித்துக்கொள்ளும் ஒரே ஆள் அவர்தான்.

படம் வெளிவந்தது 2007இல். வழக்கு முடிய இன்னும் 14 ஆண்டுகள் பிடித்தன. 2021 ஜனவரி 28 அன்று பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம், முதல் குற்றவாளி என்று 2002இல் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்ட அகமது உமர் சயீத் ஷேக்கையும் அவருடைய கூட்டாளிகள் மூவரையும் விடுதலை செய்து தீர்ப்பளித்தது. அதன் பிறகு படத்தை மறுபடி பார்த்தபோது, முன்பு பரபரப்பாகத் தெரிந்த அதே விசாரணைக் காட்சிகள் எனக்கு உறுத்தத் தொடங்கின. கடத்தியவர்களை வேகமாக நெருங்க உதவிய வழிமுறைகள்தான் பிற்பாடு நீதிமன்றத்தில் வழக்கைத் தாங்கிப் பிடிக்க முடியாமல் செய்தன என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை நிகழ்வுகளின் வரிசையிலேயே சொல்கிறேன்.

டேனியல் பேர்ல் 1963 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் பிறந்தவர். தந்தை ஜூடியா பேர்ல் கணினி அறிவியலில் பெரும் பெயர்; பிற்காலத்தில் டூரிங் விருது பெற்றவர். மகன் ஸ்டான்ஃபோர்டில் படித்துவிட்டு 1990இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் சேர்ந்தார். வயலின் நன்றாக வாசிப்பார். போகிற ஊரில் எல்லாம் அங்குள்ள இசைக்காரர்களுடன் உட்கார்ந்துவிடுவார். ஈரானில் நெய்யப்பட்ட ராட்சதக் கம்பளம் பற்றியும், தொலைந்துபோன ஒரு ஸ்ட்ராடிவேரியஸ் வயலின் பற்றியும் அவர் எழுதிய கட்டுரைகளை இன்றும் இதழியல் மாணவர்கள் படிக்கிறார்கள். 1998இல் அமெரிக்க ஏவுகணைகள் தகர்த்த சூடான் தொழிற்சாலை ரசாயன ஆயுதக் கிடங்கு என்று வாஷிங்டன் சொல்லிக்கொண்டிருந்தபோது, அது மருந்துத் தொழிற்சாலையாகவே இயங்கி வந்தது என்பதைத் தேடிப்போய் எழுதியவர்களில் அவரும் ஒருவர். அவரைக் கடத்தியவர்கள் அவருக்கு ஒட்டிய முத்திரையைப் பார்க்கும்போது இந்த வேலைகளை மறக்கக்கூடாது.

2000 முதல் தெற்காசியச் செய்திப் பிரிவின் தலைவராக அவர் மும்பையில் வசித்தார். உடன் மனைவி மரியான்; பிரான்ஸில் வளர்ந்த பத்திரிகையாளர், பௌத்தத்தைப் பின்பற்றுபவர். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் இருவரும் பாகிஸ்தானுக்கும் மும்பைக்குமாக அலைந்தார்கள். பேர்ல் துணிச்சலைக் காட்டிக்கொள்வதற்காக எங்கும் போகிறவர் அல்ல. சக நிருபர்கள் ஆப்கானிஸ்தானுக்குள் முண்டியடித்துப் போனபோது, ஆபத்து அதிகம் என்று எல்லையைத் தாண்ட மறுத்தார். போர்முனையில் நிருபர்கள் கடைப்பிடிக்க வேண்டிய பாதுகாப்பு விதிகளைத் தன் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தவரும் அவரே. ஆனால், தடை செய்யப்பட்டதாகச் சொல்லப்பட்ட ஜெய்ஷ்-இ-முகமது என்ற தீவிரவாத அமைப்பின் அலுவலகம் பாகிஸ்தானின் பஹாவல்பூரில் திறந்தே இருப்பதை நேரில் போய்ப் பார்த்து எழுதினார். இந்த மாதிரிச் செய்தி யாரையாவது எரிச்சலூட்டாமல் போகாது.

விரித்த வலை

2001 டிசம்பர் 22 அன்று பாரிஸிலிருந்து மயாமிக்குப் பறந்துகொண்டிருந்த விமானத்தில் ரிச்சர்ட் ரீட் என்ற பிரிட்டிஷ்காரர் தன் காலணிக்குள் வைத்திருந்த வெடிமருந்தைப் பற்றவைக்க முயன்று பிடிபட்டார். அவருக்கும் பாகிஸ்தானில் சீடர்களை வைத்திருந்த முபாரக் அலி கிலானி என்ற மதத் தலைவருக்கும் தொடர்பு இருக்கலாம் என்று ஒரு செய்தி வந்தது. கிலானியைப் பேட்டி காண வேண்டும் என்று பேர்ல் தேடத் தொடங்கினார்.

வெளிநாட்டு நிருபர் ஒருவர் புது ஊரில் தன்னந்தனியாக யாரையும் கண்டுபிடித்துவிட முடியாது. மொழி தெரிந்த, ஆள் பழக்கமுள்ள உள்ளூர்ப் பத்திரிகையாளர் ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்வார். தொழிலில் 'ஃபிக்ஸர்' என்பார்கள். பேர்லுக்கும் இஸ்லாமாபாத்தில் அப்படி ஒருவர் இருந்தார். ஒருவர் இன்னொருவரைக் கைகாட்ட, அந்தச் சங்கிலியின் முனையில் 'பஷீர்' என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்ட இளைஞர் வந்து நின்றார். 2002 ஜனவரி 11 அன்று ராவல்பிண்டியின் அக்பர் இன்டர்நேஷனல் ஹோட்டலில் சந்தித்தார்கள். பேசிக்கொண்டே சாப்பிட்டார்கள். பஷீரின் ஆங்கிலம் சுத்தமான லண்டன் ஆங்கிலம்.

காரணம், அவர் லண்டனில் பிறந்தவர். லண்டன் ஸ்கூல் ஆஃப் எக்கனாமிக்ஸில் படித்துப் பாதியில் விட்டவர். உண்மைப் பெயர் உமர் சயீத் ஷேக். இந்தப் பெயர் இந்தியப் போலீசுக்கு நன்றாகவே தெரியும். 1994இல் டெல்லிக்கு வந்து, சுற்றுலா வந்த மூன்று பிரிட்டிஷ்காரர்களையும் ஒரு அமெரிக்கரையும் பேச்சால் மயக்கிக் கடத்திய வழக்கில் பிடிபட்டவர். ஐந்தாண்டுகள் இந்தியச் சிறைகளில் இருந்தார். 1999 டிசம்பர் 24 அன்று காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814 விமானம் கடத்தப்பட்டு காந்தஹாரில் போய் நின்றதே, அந்தப் பயணிகளை மீட்பதற்காக டிசம்பர் 31 அன்று இந்தியா விடுவித்த மூவரில் ஒருவர் இவர். மற்ற இருவர் மசூத் அசாரும் முஷ்டாக் அகமது ஜர்காரும்.

டெல்லியில் செய்ததையே அவர் ராவல்பிண்டியிலும் செய்தார்: முதலில் நட்பு, பிறகு நம்பிக்கை. அடுத்த நாட்களில் பேர்லுக்கு மின்னஞ்சல் எழுதினார். மனைவிக்கு உடல்நிலை சரியில்லை, அதனால்தான் பதில் தாமதமாகிவிட்டது, அவளுக்காகப் பிரார்த்தனை செய்யுங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. கர்ப்பிணி மனைவியோடு ஊர் ஊராக அலைந்துகொண்டிருந்த ஒருவருக்கு இப்படி ஒரு கடிதம் வந்தால் சந்தேகமா வரும்? கிலானி இப்போது கராச்சியில் இருக்கிறார், அவருடைய சீடர் ஒருவர் அழைத்துப் போவார் என்று அடுத்த தகவல் வந்தது. கிலானிக்கு இதில் எந்தத் தொடர்பும் இல்லை. கடத்தல் நடந்ததும் அவரைப் பிடித்து விசாரித்துவிட்டு விட்டுவிட்டார்கள். அவருடைய பெயர் தூண்டிலில் மாட்டிய இரை மட்டுமே.

ஜனவரி 23, புதன்கிழமை

அன்று கராச்சியில் பேர்லின் கடைசி வேலை நாள். மறுநாள் கிளம்புவதாக ஏற்பாடு. தோழியும் சக பத்திரிகையாளருமான ஆஸ்ரா நொமானி வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் தம்பதி தங்கியிருந்தார்கள். ஆஸ்ரா மும்பையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்தவர். அன்றிரவு விருந்தினர்களை அழைத்திருந்தார்கள். மரியானும் பேட்டிக்கு உடன் போவதாக இருந்தது. உடம்பு சரியில்லாததால் வீட்டிலேயே தங்கிவிட்டார்.

கிலானியைச் சந்திப்பது பாதுகாப்பானதா என்று அன்று பேர்ல் ஒன்றுக்கு மேற்பட்டவர்களிடம் கேட்டார். அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் பாதுகாப்பு அதிகாரி ராண்டல் பென்னட்டிடம் கேட்டார். குடிமக்கள்-காவல்துறைத் தொடர்புக் குழுவின் தலைவர் ஜமீல் யூசுப்பிடமும் கேட்டார். கராச்சியில் பணத்துக்காக ஆட்களைக் கடத்துவது ஒரு தொழிலாகவே நடந்துவந்த 1990களில், கடத்தல்காரர்களின் தொலைபேசி அழைப்புகளைப் பின்தொடர்ந்து பலரை மீட்டுக் கொடுத்த குழு அது. இதைவிடப் பொருத்தமான ஆளை அந்த நகரத்தில் கண்டுபிடித்திருக்க முடியாது. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: பொது இடத்தில் சந்தியுங்கள். யூசுப்பின் அலுவலகத்தில் இருந்தபோதே பேர்லின் கைப்பேசி ஒலித்தது. ஏழு மணிக்குப் பக்கத்திலேயே ஒரு சந்திப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மெட்ரோபோல் ஹோட்டல் அருகே இருந்த வில்லேஜ் உணவகத்தில் டாக்ஸி அவரை இறக்கிவிட்டது. கூட்டமும் விளக்கும் உள்ள இடம். சொன்ன அறிவுரையை அவர் அப்படியே பின்பற்றினார். பொது இடத்தில் சந்தித்து, அங்கிருந்து வேறொரு வாகனத்தில் ஏற்றிச் செல்வதுதான் திட்டம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. மரியான் மறுபடி மறுபடி அழைத்தும் கைப்பேசியில் பதில் இல்லை.

இந்தப் பகுதியைப் படம் கையாளும் விதம் அபாரம். இயக்குநர் மைக்கேல் வின்டர்பாட்டம் கையில் பிடித்த கேமராவோடு கராச்சியின் நெரிசலுக்குள் நம்மைத் தள்ளிவிடுகிறார். டாக்ஸி ஜன்னல்கள், ஹாரன்கள், துண்டு துண்டாகக் கேட்கும் கைப்பேசிப் பேச்சு. இசையை வைத்துப் பயமுறுத்தவில்லை. ஒரு நிருபரின் வழக்கமான வேலை நாளாகவே அதைக் காட்டுகிறார். அன்றைய தினம் உண்மையில் அப்படித்தான் இருந்தது.

வீடே விசாரணை அறையானது

மறுநாள் முதல் ஆஸ்ராவின் வீட்டுக்குள் ஒரு விசித்திரமான கூட்டம் சேர்ந்தது. பாகிஸ்தான் போலீஸ், எஃப்பிஐ, தூதரக அதிகாரிகள், நியூயார்க்கிலிருந்து பறந்து வந்த பத்திரிகை ஆசிரியர் ஒருவர், இரண்டு பெண்கள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. பேர்லின் கணினியிலும் குறிப்பேட்டிலும் கிடைத்த ஒவ்வொரு பெயரையும் எண்ணையும் அதில் எழுதி, கோடு போட்டு இணைத்துக்கொண்டே போனார்கள். படத்தில் காட்சிக்குக் காட்சி அந்தப் பலகை நிரம்பிக்கொண்டே வரும். ஒரே ஆள் மூன்று பெயர்களில் வருவார். ஒரே எண் இரண்டு ஆட்களிடம் போய் முடியும். பஷீரும் உமர் ஷேக்கும் ஒருவரே என்ற முடிச்சு அவிழ்ந்தபோதுதான் தாங்கள் யாரை எதிர்கொள்கிறோம் என்பது அந்த வீட்டுக்குப் புரிந்தது.

கடத்தப்பட்ட சில நாட்களில் ஹாட்மெயில் முகவரி ஒன்றிலிருந்து படங்களோடு கடிதம் வந்தது. பேர்ல் விளையாட்டு உடையில், சங்கிலியிட்ட கைகளோடு இருக்கிறார்; தலையருகே துப்பாக்கி. இன்னொன்றில் கையில் 'டான்' நாளிதழ். யாரும் கேள்விப்படாத ஓர் அமைப்பின் பெயரில் கோரிக்கைகள்: அமெரிக்காவின் குவான்டனாமோ சிறையில் உள்ள பாகிஸ்தானியர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும், அமெரிக்காவிடம் இருக்கும் தாலிபான் தூதர் அப்துல் சலாம் சயீஃபை ஒப்படைக்க வேண்டும், பாகிஸ்தான் காசு கொடுத்தும் அமெரிக்கா நிறுத்தி வைத்த எஃப் 16 விமானங்களைத் தர வேண்டும். முதல் கடிதம் அவரை சிஐஏ ஆள் என்றது. ஜனவரி 30 அன்று வந்த அடுத்த கடிதத்தில் அவர் இஸ்ரேலிய உளவு அமைப்பான மொசாத்தின் ஆள் ஆகியிருந்தார். 24 மணி நேரக் கெடு.

அதே ஜனவரி 30 அன்று பாகிஸ்தான் ஆங்கில நாளிதழ் ஒன்று அவர் யூதர் என்று அச்சிட்டது. வீட்டில் ஓர் 'இந்தியப்' பெண் இருப்பதையும் சுட்டிக்காட்டியது. குடும்பமும் வால் ஸ்ட்ரீட் ஜர்னலும் எந்தத் தகவல் வெளியே போய்விடக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்து வந்தார்களோ, அது நேராகக் கடத்தல்காரர்களின் மேசைக்குப் போனது. ஒரு பிணைக்கைதியின் உயிர் ஊசலாடும்போது அவருடைய மதத்தையும் பெற்றோரின் பின்னணியையும் செய்தியாக்குவது இதழியல் அல்ல. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை. 2001 டிசம்பரில் இந்திய நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பின் இந்தியாவும் பாகிஸ்தானும் எல்லையில் படைகளைக் குவித்திருந்த நேரம் அது. கடத்தலே இந்திய உளவுத்துறையின் நாடகம் என்ற பேச்சு அதிகாரிகள் மட்டத்திலேயே ஓடியது. ஆஸ்ரா அந்தச் சந்தேகப் பார்வையிலேயே பேர்லுக்காக உழைத்துக்கொண்டிருந்தார்.

மின்னஞ்சல் வந்த வழியைத் தொழில்நுட்பக்காரர்கள் பின்னோக்கிப் பிடித்தார்கள். இணையச் சேவை, தொலைபேசி இணைப்பு, வீட்டு முகவரி. கராச்சியின் குலிஸ்தான்-இ-ஜௌஹர் பகுதியைச் சேர்ந்த ஃபஹத் நசீம் சிக்கினார். அவர் வழியே சல்மான் சாகிப், போலீஸ் கான்ஸ்டபிளாகவே இருந்த ஷேக் ஆதில். மூவருக்கும் மேலே உமர் ஷேக். அவரைப் பிடிக்கப் போலீஸ் அவருடைய உறவினர்களைத் தூக்கி வைத்துக்கொண்டது. தாத்தா, அத்தை என்று பார்க்கவில்லை. துணைக்கண்டத்துக் காவல்துறைக்கு இது புதிதல்ல. நம் ஊரிலும் தெரிந்த வழிதான். அது பலித்தது. படத்தில் சந்தேகத்துக்குரிய ஒருவரைக் கைகளைக் கட்டித் தொங்கவிட்டுக் கேப்டனின் ஆட்கள் விசாரிக்கும் காட்சி வருகிறது. காலம் போய்க்கொண்டிருக்கிறது, ஓர் உயிர் இருக்கிறது என்ற பதற்றத்தில் நாமும் அந்த அறையில் கேப்டனின் பக்கமே நின்றுவிடுகிறோம்.

ஆனால் அந்த நேரத்தில் அந்த உயிர் இல்லை. ஜனவரி கடைசியிலோ பிப்ரவரி முதல் தேதி வாக்கிலோ பேர்ல் கொல்லப்பட்டுவிட்டார். கடத்தல் கும்பலில் முதல் கைதுகளே அதற்குப் பிறகுதான். உமர் ஷேக் பிப்ரவரி 5 அன்று சரணடைந்தார். அதுவும் போலீசிடம் அல்ல, உளவு அமைப்பான ஐஎஸ்ஐயின் முன்னாள் அதிகாரியும் அப்போது பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண உள்துறைச் செயலருமான இஜாஸ் ஷாவிடம். அவர் பிடிபட்ட செய்தி பிப்ரவரி 12 வரை வெளியே வரவில்லை. ஒரு வாரம் அவர் எங்கே, யாரிடம், என்ன பேசிக்கொண்டிருந்தார் என்பதைப் பாகிஸ்தான் அரசு ஒருபோதும் வெளிப்படையாக விளக்கவில்லை. அந்த நாட்களில் அமெரிக்கா சென்றிருந்த அதிபர் முஷாரஃப், பேர்ல் உயிரோடுதான் இருக்கிறார் என்று நம்பிக்கை தெரிவித்தார். பிப்ரவரி 14 அன்று கராச்சி நீதிமன்றத்தில் உமர் ஷேக், தனக்குத் தெரிந்தவரை அவர் இறந்துவிட்டார் என்றார். பிப்ரவரி 21 அன்று கொலையின் காணொளி கிடைத்தது.

படம் அந்தக் காணொளியைக் காட்டவில்லை. அதைப் பார்த்தவர்களின் முகங்களைக் காட்டுகிறது. செய்தியைக் கேட்ட மரியான் அறைக்குள் போய்க் கத்துகிறார்; வீடு முழுவதும் கேட்டுக்கொண்டு நிற்கிறது. ஏஞ்சலினா ஜோலி நடித்த வேடங்களில் அந்த ஒரு நிமிடத்துக்கு நிகரானது வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஆப்பிரிக்க-கியூப வேர்கள் உள்ள பெண்ணின் வேடத்தை வெள்ளைக்கார நட்சத்திரத்துக்குக் கொடுத்தது சரியா என்று அப்போது எழுந்த கேள்வி நியாயமானது. அவரைத் தேர்ந்தெடுத்தது மரியானே என்பதும் உண்மை.

படம் யாருடையது

கராச்சி வீட்டுக் காட்சிகளைப் பெரும்பாலும் புனேயில் எடுத்தார்கள். பிராட் பிட்டின் நிறுவனம் தயாரிப்பு. 2007 மே மாதம் கான் விழாவில் போட்டிக்கு வெளியே திரையிடப்பட்டது. மரியான் எழுதிய நினைவுக் குறிப்புதான் அடிப்படை என்பதால் கதை முழுக்க அவர் கண்ணால் விரிகிறது. பேர்லாக வரும் டான் ஃபுட்டர்மேனுக்குக் காட்சிகள் குறைவு. கல்யாணம், டாக்ஸி, சில பழைய நினைவுகள். சிறைவைக்கப்பட்ட இடத்துக்குள் கேமரா போகவே இல்லை.

இந்த முடிவுதான் ஆஸ்ரா நொமானியைக் காயப்படுத்தியது. படம் வந்தவுடனே அவர் வெளிப்படையாக எழுதினார்: நண்பனைப் பற்றிய கதையில் அந்த நண்பனையே காணவில்லை என்பது அவருடைய வருத்தத்தின் சாரம். தந்தை ஜூடியா பேர்லின் கோபம் வேறு வகை. வின்டர்பாட்டம் அதற்கு முந்தைய ஆண்டுதான் குவான்டனாமோ கைதிகள் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார். தன் மகனின் கொலையையும் குவான்டனாமோவையும் ஒரே தராசில் வைக்கும் போக்கு இந்தப் படத்திலும் தெரிகிறது என்று அவர் கண்டித்தார்.

மகனை இழந்த தந்தையின் வார்த்தைக்கு எதிர்வார்த்தை பேசத் தயக்கமாக இருக்கிறது. எனினும் படத்தில் அப்படி ஒரு சமப்படுத்தல் இருப்பதாக எனக்குப் படவில்லை. ஆஸ்ராவின் குறையில்தான் வலு இருக்கிறது. கம்பளத்தையும் வயலினையும் தேடிப்போன அந்த நிருபரின் குறும்பும் ஆர்வமும் பத்து நிமிடமாவது திரையில் இருந்திருந்தால், இழந்தது யாரை என்பது புரிந்திருக்கும். கொலையைக் காட்ட மறுத்த முடிவு சரி. கொலையாளிகள் பரப்ப விரும்பிய காட்சியைத் திரையரங்கில் மறுபடி ஓட்டிக் காட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

நீதிமன்றத்தில் நடந்தது

2002 மே மாதம் கராச்சியின் வடக்கு ஓரத்தில் உள்ள கடாப் பகுதியில், ஒரு தோட்ட வளாகத்தில் ஆழமில்லாத குழியிலிருந்து பேர்லின் உடல் துண்டுகளாக எடுக்கப்பட்டது. ஆதரவற்ற சடலங்களை வாழ்நாள் முழுவதும் அடக்கம் செய்து வந்த அப்துல் சத்தார் ஈதி, தன் கையாலேயே அவற்றைச் சேகரித்துப் பிணவறைக்குக் கொண்டுபோனார். மே 28 அன்று பாரிஸில் மகன் பிறந்தான்.

அந்த இடத்தைப் போலீசுக்குக் காட்டியவர் ஃபஸல் கரீம். பேர்லைக் காவல் காத்தவர்களில் ஒருவர். கொலை நடந்தபோது அங்கிருந்தவர். வழக்கின் மிக முக்கியமான சாட்சி இவர்தான். ஆனால் இவரை நீதிமன்றத்தில் நிறுத்தவே இல்லை. கைது செய்ததாகக்கூட ஒப்புக்கொள்ளவில்லை. காரணம் எளிது: உமர் ஷேக் மீதான விசாரணை அப்போது ஓடிக்கொண்டிருந்தது, ஃபஸல் கரீம் வாயைத் திறந்தால் கொன்றவர்கள் வேறு ஆட்கள் என்பது வெளியே வந்துவிடும்.

வேறு ஆட்கள்தான். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஆஸ்ரா நொமானியும் பேராசிரியர் பார்பரா ஃபைன்மன் டாட்டும் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு பல ஆண்டுகள் இந்த வழக்கைத் தோண்டினார்கள். 2011 ஜனவரியில் வந்த அவர்களுடைய அறிக்கை, இதில் 27 பேருக்குத் தொடர்பு இருந்ததாகச் சொன்னது. ஏமாற்றி அழைத்து வந்தவர்கள் ஒரு குழு, அடைத்து வைத்தவர்கள் ஒரு குழு, கடிதம் அனுப்பியவர்கள் ஒரு குழு. ஒரு குழுவுக்கு இன்னொன்றின் இருப்பிடம் தெரியாது. கடிதம் அனுப்பியவர்களைப் பிடித்த பிறகும் பேர்லிடம் போய்ச் சேர முடியாததற்கு இதுவே காரணம். நான்காவதாக ஒரு குழு வந்தது: அல் கொய்தாவின் காலித் ஷேக் முகமதுவும் அவருடைய ஆட்களும். கடத்தலைத் திட்டமிட்டது உமர் ஷேக். கொலையைச் செய்தது இவர்கள். தண்டிக்கப்பட்ட நால்வரில் ஒருவர்கூடக் கொலை நடந்த இடத்தில் இல்லை என்றும், பொய்ச் சாட்சி என்று தெரிந்தே அரசுத் தரப்பு அதை நம்பியிருந்தது என்றும் அறிக்கை சொன்னது. காலித் ஷேக் முகமது 2007இல் குவான்டனாமோவில் தானே தலையை வெட்டியதாகச் சொன்னார். சித்திரவதைக்கு உள்ளானவரின் வாக்குமூலத்தை எப்படி நம்புவது என்ற கேள்வி வந்தது. காணொளியில் தெரியும் கையின் நரம்பு அமைப்பை அவருடைய கையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பொருந்துகிறது என்று அமெரிக்கப் புலனாய்வாளர்கள் முடிவுக்கு வந்திருந்ததையும் அந்த அறிக்கைதான் வெளியிட்டது.

இப்போது தீர்ப்புகளை வரிசையாகப் பார்க்கலாம். 2002 ஜூலை 15 அன்று பாகிஸ்தானின் சிந்து மாகாணத்திலுள்ள ஹைதராபாத் நகரின் பயங்கரவாதத் தடுப்பு நீதிமன்றம் உமர் ஷேக்குக்குத் தூக்கும் மற்ற மூவருக்கு ஆயுளும் விதித்தது. மேல்முறையீடு 18 ஆண்டுகள் தூங்கியது. 2020 ஏப்ரல் 2 அன்று சிந்து உயர் நீதிமன்றம், கொலை நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிக் கடத்தலுக்கு மட்டும் ஏழாண்டு என்று குறைத்தது. மற்ற மூவரையும் விடுவித்தது. பேர்லின் பெற்றோரும் சிந்து அரசும் உச்ச நீதிமன்றம் போனார்கள். அங்கே இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில் அந்த ஏழாண்டும் போய்விட்டது. கடத்தலில் தனக்குச் சிறிய பங்கு இருந்ததாக உமர் ஷேக்கே கைப்பட எழுதிய கடிதம் நீதிமன்றத்தின் முன் வந்த பிறகும் இதுதான் தீர்ப்பு.

கோபம் வரத்தான் செய்கிறது. அந்தக் கோபத்தோடு ஆவணங்களுக்குள் போனால், நீதிபதிகள் கையில் இருந்தது என்ன என்பது தெரிகிறது. பேர்லை உமர் ஷேக்கின் காரில் ஏறக் கண்டதாகச் சொன்ன டாக்ஸி ஓட்டுநரின் சாட்சியம் குறுக்கு விசாரணையில் ஆட்டம் கண்டது. கூட்டாளிகளின் வாக்குமூலங்கள் தானாக முன்வந்து கொடுத்தவை என்று ஏற்க முடியாத நிலை. கடத்தல்காரர்களின் மின்னஞ்சலை அனுப்பிய ஃபஹத் நசீமின் மடிக்கணினி விஷயம் இன்னும் மோசம்: அதை பிப்ரவரி 11 அன்று கைப்பற்றியதாகப் போலீஸ் பதிவு சொல்கிறது, அதற்கு ஒரு வாரம் முன்பே, 4ஆம் தேதியே அதைச் சோதிக்கத் தொடங்கியதாக எஃப்பிஐ நிபுணரின் சாட்சியம் சொல்கிறது. இடைப்பட்ட நாட்களில் ஆளும் கணினியும் எந்தப் பதிவிலும் இல்லாமல் போலீசின் கையில் இருந்திருக்கிறார்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் இல்லை. உமர் ஷேக்கின் காணாமல் போன ஒரு வாரமும் இதே கதைதான்.

படத்தில் நாம் பார்த்து மூச்சுப் பிடித்த இரவுச் சோதனைகள், பெயர் எழுதாத கைதுகள், தொங்கவிட்டுக் கேட்ட கேள்விகள் எல்லாம் இந்தப் பக்கங்களில் தேதிப் பிழையாகவும் செல்லாத வாக்குமூலமாகவும் திரும்பி வந்திருக்கின்றன. கராச்சியில் அந்த அதிகாரிகள் ராப்பகலாக உழைத்ததில் எனக்குச் சந்தேகமில்லை. ஒரே வாரத்தில் மின்னஞ்சலிலிருந்து முதன்மைச் சதிகாரர் வரை போனது சாமானிய வேலை அல்ல. ஆனால் 4ஆம் தேதியே அந்தக் கைப்பற்றுதலைப் பதிவு செய்திருந்தால், ஃபஸல் கரீமைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தால், நால்வரையும் கொலைக்கல்லாமல் அவர்கள் செய்த கடத்தல் சதிக்காகவே உறுதியாகக் குற்றம் சாட்டியிருந்தால், 2021இல் அந்தக் கோப்பு இப்படிச் சரிந்திருக்காது. கொன்றவர்களைக் காட்டாமல் கொலைக்குத் தண்டனை வாங்க நினைத்தார்கள். கடத்தலுக்கான தண்டனையும் சேர்ந்து போய்விட்டது.

விடுதலைத் தீர்ப்புக்குப் பின் உமர் ஷேக்கைத் தூக்குத் தண்டனைக் கைதிகளின் அறையிலிருந்து மாற்றி, அரசு விடுதி ஒன்றில் காவலோடு வைக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஜார்ஜ்டவுன் அறிக்கை பெயர் சொன்ன 27 பேரில் 14 பேர் அது வெளிவந்த சமயத்தில் பாகிஸ்தானில் சுதந்திரமாக நடமாடிக்கொண்டிருந்தார்கள். காலித் ஷேக் முகமது மீது குவான்டனாமோவில் நடப்பது செப்டம்பர் 11 வழக்கு. டேனியல் பேர்ல் கொலைக்காக அவர் மீது அமெரிக்கா இதுவரை குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யவில்லை.